இழுவைக் கரோக்கே பெட்டி: சைகோன் சந்துக்குப் பழகியது, கோலாலம்பூர் செந்தூல் வீட்டில் எப்படிப் பாடுகிறது?

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, மைக்கைக் கையில் எடுத்து முதல் வரியைப் பாடியதும் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். பல்லவி முடிவதற்குள் சமையலறையிலிருந்து கேள்வி வந்துவிடும்: “என்னடா பாடுற, ஒரு வார்த்தையும் புரியலையே?” கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பலரும் அப்போதே முடிவுகட்டிவிடுகிறார்கள். பெட்டியில் ஒரு பழுதும் இல்லை. எக்கோ (எதிரொலி) திருகு பாதிக்கு மேல் நிற்கிறது, அவ்வளவுதான். அது ஏன் அங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு நடை வியட்நாமுக்கு, சைகோன் என்ற ஹோ சி மின் நகரத்துக்கு, போய்வர வேண்டும்.

இங்கே மதிப்புரைக்கு எடுத்துக்கொண்டது கோலாலம்பூர், பினாங்கு கடைகளிலும் இணையச் சந்தைகளிலும் ‘டிராலி ஸ்பீக்கர்’ என்று விற்கும் 12 அங்குல, 15 அங்குலப் பெட்டிகளை (அங்குலம் உள்ளே ஒலி தரும் கூம்பின் அளவு). அடியில் சக்கரம், மேலே இழுக்கும் கைப்பிடி, உள்ளே பேட்டரி, கூடவே இரண்டு ஒயரில்லா மைக். பெரும்பாலானவை சீனத் தொழிற்சாலைகளில் செய்தவை. ஒரே பெட்டி நாலு பெயர் ஒட்டி நாலு விலையில் வருவதால், முன்பக்கத்துப் பெயரைப் பார்ப்பதைவிடப் பின்பக்கத் தகட்டைப் படிப்பதுதான் உதவும்.

இதே வகைப் பெட்டிக்கு வியட்நாமில் ‘லோவா கேயோ’ என்று பெயர். லோவா என்றால் ஒலிபெருக்கி, கேயோ என்றால் இழு. ‘லோவா கேயோ கேயோ’ என்றும் சொல்வார்கள். முதல் கேயோவுக்குத் தொனி வேறு, பொருளும் வேறு: மிட்டாய். இரண்டும் சேர்ந்தால் நம் ஊர் ஜவ்வுமிட்டாய். மோட்டார்சைக்கிளில் பெரிய ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, கடைத்தெருவில் மேசைக்கு மேசை பாடி ஜவ்வுமிட்டாய் விற்றவர்களிடமிருந்து வந்த பெயர் அது. பெட்டியின் குணமும் அங்கிருந்தே வந்தது: திறந்த வெளி, போக்குவரத்து இரைச்சல், அதற்கு மேலே ஒரு மனிதக் குரல்.

கரோக்கே எந்திரத்தை ஜப்பானில் கோபே நகரத்து இனோவே தைசுகே 1971-இல் செய்தார். வியட்நாமுக்கு அது வந்து சேர்ந்தது 1986-இல் தொடங்கிய ‘தொய் மோய்’ பொருளாதாரச் சீர்திருத்தத்துக்குப் பிறகு, 1990களின் தொடக்கத்தில். முதலில் கடைகளில் தனி அறை. பிறகு வீட்டுக்கு வட்டு ஓடும் எந்திரம். அதோடு தலையணை கனத்துக்கு ஒரு பாட்டுப் புத்தகம். பாட்டுக்கு எதிரே இருக்கும் எண்ணை ரிமோட்டில் தட்டினால் பாட்டு ஓடும். ‘அரிராங்’ என்ற எந்திரப் பெயர் அங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர். இன்று புத்தகத்தின் இடத்தில் யூடியூப் உட்கார்ந்திருக்கிறது. கல்யாணம், தெத் புத்தாண்டு, புதுவீடு புகுதல் எதுவானாலும் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் இந்தப் பெட்டி நிற்கும். தென்பகுதியில் முன்னோர் நினைவுநாள் விருந்திலும் பாடுவார்கள். நம் வீட்டுத் திவசத்தன்று மைக்கை எடுத்தால் பெரியம்மா செருப்பைத் தேடுவார். அங்கே அது செத்தவருக்குச் செய்யும் மரியாதையோடு சேர்ந்தே போகிறது.

பாடுவது என்ன என்பதில்தான் எக்கோவின் சூட்சுமம் இருக்கிறது. அங்கே கரோக்கேவுக்குப் பிடித்தமான வகை பொலேரோ: மெதுவான தாளம், சோகமான சொல், வரியின் கடைசி அசையை நீட்டி நடுக்கி விடுவது. வியட்நாம் மொழியில் ஒவ்வோர் அசையும் தனித்தனியாக நிற்கும். பொலேரோவில் அசைக்கு ஒரு நீண்ட ஸ்வரம். அந்த நீட்டலுக்குப் பின்னால் எக்கோ வால்போலத் தொடர்ந்தால் குரல் பெரிதாகும், மூச்சு வாங்கும் இடம் மறையும், சுருதி கொஞ்சம் நழுவினாலும் தெரியாது. சாதாரணப் பாடகரைத் தூக்கிவிடும் ஏற்பாடு அது. ஒலியமைப்புக் கருவிக்கே அங்கே ‘வாங்’, அதாவது எதிரொலி, என்றுதான் பெயர். பழைய வகை திருகுக் கருவி ‘வாங் கோ’, டிஜிட்டல் கருவி ‘வாங் ஸோ’.

தமிழில் இது எதிர்மாறாக வேலை செய்கிறது. ‘பாட்டு’ என்று சொல்லிப் பாருங்கள். ‘பா’வுக்கும் ‘டு’வுக்கும் நடுவே நாக்கு மேலே ஒட்டி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் மேல், சத்தமே இருக்காது. அந்த மௌனம்தான் ‘ட்’. காற்று, பக்கம், அப்பா, பச்சை எல்லாவற்றிலும் இதே கதை. வல்லின ஒற்று என்பது ஒலியில் பாதி, வாயடைப்பில் பாதி. எக்கோவின் முதல் திரும்பல் 150 முதல் 250 மில்லிவினாடிக்குள் வந்து அந்த மௌனத்தை நிரப்பிவிடுகிறது. ‘பாட்டு’ ‘பாடு’வாகிறது, ‘காற்று’ சொதசொதவென்று கரைகிறது. மெல்லிசையில் தப்பித்துக்கொள்ளலாம். குத்துப்பாட்டிலும் கானாவிலும் ஒரு வரிக்கு இருபது எழுத்து ஓடும்போது மிஞ்சுவது இரைச்சல் மட்டுமே.

ஆகவே பெட்டி வந்த அன்றே பத்து நிமிடம் ஒதுக்கித் திருகுகளை மாற்றி வையுங்கள். மேல் பலகையில் பொதுவாக இருப்பவை: மைக் வால்யூம், மைக் பாஸ் (தாழ்ந்த, கனத்த ஒலி), மைக் டிரெபிள் (உயர்ந்த, கூரிய ஒலி), எக்கோ, டிலே (எதிரொலி எவ்வளவு பிந்தி வரும்), ரிப்பீட் (எத்தனை தடவை திரும்பும்), பக்கத்தில் மியூசிக் வால்யூம், பாஸ், டிரெபிள். திருகைக் கடிகார முள்ளாக நினைத்துக்கொள்ளுங்கள். 7 மணி பூஜ்யம், 5 மணி முழுசு.

முதலில் எல்லாவற்றையும் 7 மணிக்குக் கொண்டுவாருங்கள். தொனித் திருகுகள் நான்கும் மட்டும் 12 மணியில் நிற்கட்டும். பாட்டை ஓடவிட்டு, கூடத்தில் இருவர் கொஞ்சம் குரலை உயர்த்திப் பேசிக்கொள்ளும் அளவுக்கு மியூசிக்கை ஏற்றுங்கள். அதன்பின் மைக். எக்கோ எதுவும் இல்லாமல், வெறும் குரலில் ஒரு முழுச் சரணம் பாடி, பாட்டுக்கு மேலே சொல் தெளிவாக நிற்கும்வரை மைக் வால்யூமை ஏற்றுங்கள். இந்தக் கட்டத்தைத் தாண்டாமல் எக்கோ பக்கம் கை போகக்கூடாது. குரல் போதவில்லை என்று எக்கோவை ஏற்றுவதுதான் எல்லா வீட்டிலும் நடக்கும் தப்பு. எக்கோ குரலைப் பெரிதாக்கும், முன்னுக்குக் கொண்டுவராது.

மைக் பாஸை 10 மணிக்கு இறக்குங்கள். 12, 15 அங்குலக் கூம்பில் ஆண் குரல் ஏற்கெனவே கனத்து வருகிறது. மைக்கை உதட்டில் ஒட்டிப் பாடினால் இன்னும் கனக்கும். டிரெபிளை 1 மணிக்கு. அதற்கு மேல் ஏற்றினால் ‘ச’வும் ‘ஸ’வும் சீறும், மைக்கும் ஊளையிடத் தொடங்கும். இனி எக்கோ 9 மணி, டிலே 9 மணி, ரிப்பீட் 8 மணி. பாடும்போது எதிரொலி தனியாகக் காதில் விழாமல், நிறுத்தியதும் மெல்ல ஒரு வால் தெரிந்தால் சரியான இடம். மெதுவான பழைய பாட்டுக்கு எக்கோவை 10 வரை விடலாம். பக்திப் பாட்டுக்கும் அதே. குத்துப்பாட்டுக்கு மொத்தமாக 8-க்கு இறக்குங்கள். கணக்காகச் செய்ய விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி: 60,000-ஐப் பாட்டின் வேகத்தால் வகுத்தால் ஒரு தட்டுக்கு எத்தனை மில்லிவினாடி என்று வரும். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் 500. எக்கோ திரும்பல் அதில் பாதியோ காலோ ஆனால் தாளத்தோடு சேர்ந்துகொள்ளும். வேறெங்கோ விழுந்தால் தாளத்தோடு சண்டை போடும். திருகில் மில்லிவினாடி எழுதியிருக்காது, காதால்தான் பிடிக்க வேண்டும்.

‘மைக் பிரையாரிட்டி’ என்று ஒரு பொத்தான் இருந்தால் அணைத்துவிடுங்கள். அறிவிப்புச் செய்வதற்காக வைத்தது அது. மைக்கில் குரல் வந்ததும் பாட்டைத் தானாகக் குறைத்துவிடும்; பாடும்போது ஒவ்வொரு வரிக்கும் பாட்டு முங்கி முங்கி எழும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் மாமாவை மேடைக்கு அழைக்கும்போது போட்டுக்கொள்ளலாம்.

மைக் ஊளையிடுவதை வியட்நாமிலும் ‘ஹூ’ என்று ஊளைச் சொல்லாலேயே சொல்கிறார்கள். காரணம் ஒன்றே: மைக் கேட்ட குரலைப் பெட்டி கொடுக்கிறது, அதை மைக் மறுபடி கேட்கிறது, வட்டம் சுற்றிப் பெருகுகிறது. பாடுகிறவர் பெட்டிக்கு முன்னால் நிற்கக்கூடாது, அதன் பக்கவாட்டுக்கும் பின்னால் நிற்க வேண்டும். மைக்குக்கும் வாய்க்கும் மூன்று விரல் இடைவெளி. தூரம் இரண்டு மடங்கானால் குரல் 6 டெசிபெல் குறையும், அதை ஈடுகட்ட வால்யூமை ஏற்றுவீர்கள், ஊளை வரும். ராப் பாடகர்போல் மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிப்பதும் அதே விளைவுதான்: பின்பக்கத்து ஒலியை விலக்க மைக்கில் இருக்கும் துவாரங்கள் அடைபட்டு, நாலு பக்கமும் கேட்கத் தொடங்கிவிடும். பிள்ளைகள் பாடி முடித்ததும் மைக்கைப் பெட்டியின் தலைமேலேயே வைத்துவிட்டு ஓடுவார்கள். அணைத்து வைக்கச் சொல்லிப் பழக்குங்கள்.

சில பெட்டிகளில் ஊளைத் தடுப்புப் பொத்தான் உண்டு. குரலின் சுருதியைச் சில ஹெர்ட்ஸ் நகர்த்தி வட்டத்தை உடைக்கும் உத்தி. பேச்சுக்கு நல்லது. காது பழகியவர்கள் நீண்ட ஸ்வரத்தில் ஒரு நெளிவை உணர்வார்கள். கூடத்தில் பாட அது தேவைப்படாது, நிற்கும் இடத்தைச் சரிசெய்தாலே போதும்.

கூட வரும் மைக்குகள்தான் இந்தப் பெட்டிகளின் பலவீனமான உறுப்பு. உடல் பிளாஸ்டிக், குரல் கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி, கீழே விழுந்தால் ஆன்டெனா முனை உடையும். அதைவிட முக்கியம் அலைவரிசை. மைக்கின் அடியிலோ பேட்டரி அறைக்குள்ளோ ஒட்டியிருக்கும் எண்ணைப் பாருங்கள். 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் மலேசியாவில் 5ஜி ஓடுகிறது. அந்த எண்ணில் இருக்கும் மைக் வீட்டில் ஒருநாள் நன்றாகவும் மறுநாள் கரகரத்தும் வரும், காரணம் தெரியாமல் பேட்டரியை மாற்றிக்கொண்டே இருப்பீர்கள். ஒயரில்லாக் கருவி என்பதால் மலேசியத் தரச்சோதனை நிறுவனமான சிரிமின் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதே முறை. மலிவான செட்டுகளில் அலைவரிசை மாற்ற முடியாதபடி நிலையாக இருக்கும். ஒரே வரிசை வீட்டில் இரண்டு குடும்பம் ஒரே மாதிரிப் பெட்டி வாங்கினால், தீபாவளி இரவு பக்கத்து வீட்டு அத்தையின் குரல் உங்கள் பெட்டியில் வரும். வாங்கும்போதே அலைவரிசை மாற்றும் பொத்தான் உள்ளதைக் கேளுங்கள். ஒயர் மைக் ஒன்றுக்கும் பின்னால் துளை இருக்கும்; தரமான டைனமிக் மைக் ஒன்று வாங்கிச் சொருகினால், பெட்டியே மாறிவிட்டதோ என்று தோன்றும்.

இனி வாட். அட்டைப்பெட்டியில் 1,000 வாட், 2,000 வாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். நம்பத் தேவையில்லை. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 1,000 வாட் எடுக்க 83 ஆம்பியர் வேண்டும். அதற்குக் கார் ஜம்ப்பர் கேபிள் தடிமனுக்கு ஒயர் போட வேண்டும். உள்ளே இருப்பதோ சுண்டுவிரலில் பாதிகூட இல்லாத ஒயர். சார்ஜரின் தகட்டைப் படியுங்கள்: 15 வோல்ட், 3 ஆம்பியர் என்றிருந்தால் பெருக்கிப் பாருங்கள், 45 வாட். பேட்டரி இடையிடையே கூடக் கொடுக்கும்தான், ஆனாலும் தொடர்ந்து வரும் உண்மையான சக்தி அந்த எண்ணுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். பயப்பட வேண்டாம், கார் நிற்கும் முகப்பில் முப்பது பேர் கூடும் விருந்துக்கு 50 வாட் தாராளம். சக்தி இரண்டு மடங்கானாலும் சத்தம் 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு அது ‘கொஞ்சம் கூடுதல்’ மட்டுமே.

அங்குலக் கணக்கிலும் ஒரு விளையாட்டு உண்டு. வியட்நாம் வியாபாரிகள் கூம்பைச் சென்டிமீட்டரில் சொல்வார்கள்: ‘30’ என்றால் 12 அங்குலம், ‘40’ என்றால் 15. இங்கே சில விளம்பரங்களில் வெளிச்சட்டத்தின் அளவைச் சொல்லிவிட்டு உள்ளே சிறிய கூம்பை வைத்திருப்பார்கள். முன்வலையைக் கழற்ற விடும் கடையானால் ஓர் அளவுகோலை வைத்துப் பாருங்கள். மேலே குரலுக்கென்று தனியாக ஒரு ‘ஹார்ன்’ டுவீட்டர் இருக்க வேண்டும். வண்ண விளக்கு இல்லாவிட்டால் பரவாயில்லை.

பேட்டரியைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் இந்தப் பெட்டிகள் சாவதே அங்கேதான். பெரும்பாலும் உள்ளே இருப்பது மூடிய ஈய-அமில பேட்டரி, 12 வோல்ட், 7 அல்லது 9 ஆம்பியர்-மணி. 9 என்றே வைத்துக்கொள்வோம்: 12 × 9 = 108 வாட்-மணி. முழுசையும் உறிஞ்சினால் ஆயுள் போகும், முக்கால்வாசியைக் கணக்கில் எடுங்கள், 80. சராசரியாக 20 வாட் இழுத்தால் நாலு மணி நேரம். சத்தத்தை ஏற்றி 40 இழுத்தால் இரண்டு மணி. ‘எட்டு மணி நேரம் பாடும்’ என்ற விளம்பரம் தாலாட்டுப் பாடுகிறவர்களுக்குப் பொருந்தலாம். சார்ஜ் ஆக ஓர் இரவு போகும்.

இந்த பேட்டரிகள் பாடிப் பாடிச் சாவதில்லை, சும்மா கிடந்தே சாகின்றன. தீபாவளிக்கு எடுத்துப் பாடி, பாதி இறங்கிய நிலையில் படிக்கட்டுக்கு அடியில் தள்ளிவைத்து, அடுத்த தீபாவளிக்குத்தான் தொடுவோம். இடையில் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், தகடுகளில் சல்பேட் படிந்து இறுகும், பிறகு எத்தனை மணி நேரம் சார்ஜ் போட்டாலும் பத்து நிமிடத்தில் அணைந்துவிடும். நம் ஊர் வெக்கையில் இது இன்னும் வேகமாக நடக்கிறது. வியட்நாமில் வாரந்தோறும் பாடுகிற வீட்டில் பேட்டரி பிழைத்துக்கொள்கிறது, வருஷத்துக்கு ஒருமுறை பாடுகிற வீட்டில் செத்துப்போகிறது. பாடினாலும் பாடாவிட்டாலும் மாதம் ஒருநாள் இரவு சார்ஜ் போடுங்கள். சம்பள நாளை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மீட்டர் இருந்தால், சார்ஜ் எடுத்துச் சில மணி நேரம் கழித்து 12.7 வோல்ட் சுற்றி இருந்தால் நலம், 12-க்குக் கீழே என்றால் உடனே சார்ஜ் போட வேண்டும்.

செத்துவிட்டால் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம். பின்பலகையின் ஸ்க்ரூக்களைக் கழற்றி பேட்டரியின் மேல் அச்சிட்டதைப் படியுங்கள். 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி என்றால் அது உங்கள் வீட்டு ஆட்டோகேட்டில் இருக்கும் அதே பேட்டரி: 151 மில்லிமீட்டர் நீளம், 65 அகலம், 94 உயரம். தாமான் (குடியிருப்பு) ஹார்ட்வேர் கடையிலேயே கிடைக்கும். கோலாலம்பூரில் புடு பக்கம் ஜாலான் பாசார் மின்சாமான் கடைகளில் வகைவகையாகக் கிடைக்கும். 9 ஆம்பியர்-மணி பேட்டரியும் பெரும்பாலும் அதே அளவுதான், இடம் மாற்றாமல் உட்காரும். முனைத் தகடு 4.8 மில்லிமீட்டரா 6.3-ஆ என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கழற்றும்போது கறுப்பு ஒயர் முதலில், மாட்டும்போது சிவப்பு முதலில். மாற்றி மாட்டினால் ஆம்ப் பலகை புகையும், அதற்குக் கியாரண்டி இல்லை. லித்தியம் பேட்டரியை நீங்களாகவே அந்த இடத்தில் வைத்து, பழைய சார்ஜரிலேயே போடும் வேலை வேண்டாம்.

சார்ஜ் போட்டபடியே பாடலாமா? பாடலாம். சில மலிவு சார்ஜர்களோடு மைக்கில் ஓர் ‘உய்ங்’ சத்தம் சேரும். அப்படியானால் பாடும்போது கழற்றிவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து தருவித்த பெட்டியில் இரண்டு கால் தட்டைப் பிளக் வந்தால், பேனா முனையால் மூன்றாம் துளையைக் குத்தித் திறந்து சொருகும் நம் பழைய வித்தையைச் செய்யாதீர்கள். மூன்று கால் பிளக்கோடு சார்ஜர் வாங்கப் பத்து இருபது வெள்ளிதான் (ரிங்கிட்).

டிவியோடு இணைப்பதில் ஒரு பொறி இருக்கிறது. திரையில் வரி ஓட, ஒலி புளூடூத்தில் பெட்டிக்குப் போனால், ஒலி ஏறத்தாழ 200 மில்லிவினாடி பிந்தி வரும். திரையில் எழுத்து நிறம் மாறுவதைப் பார்த்து நீங்கள் தொடங்குவீர்கள், பாட்டு பின்னாலேயே வந்துகொண்டிருக்கும். “தாளம் தெரியாதவன்” என்ற பெயர் உங்களுக்கு. கைப்பேசித் திரையைப் பார்த்துப் பாடும்போது செயலியே இதைச் சரிக்கட்டிவிடும். டிவிக்கு அனுப்பும்போதுதான் சிக்கல். தீர்வு ஒரு கேபிள்: டிவியின் ஹெட்போன் துளையிலிருந்து பெட்டியின் ஆக்ஸ் துளைக்கு. புது டிவிகளில் ஹெட்போன் துளை இல்லாவிட்டால் ஆப்டிகல் ஒலியை மாற்றித்தரும் சின்னப் பெட்டி வாங்கி, டிவி ஒலி அமைப்பில் ‘பிசிஎம்’ என்று தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுக்காவிட்டால் ஒன்றுமே கேட்காது, கேபிளைக் குறைசொல்வீர்கள்.

பாட்டுகள் விஷயத்தில் வியட்நாம்காரர்களைப் பார்த்துப் பொறாமைப்படலாம். யூடியூபில் அவர்களின் கரோக்கே பாட்டு ஒவ்வொன்றும் ‘தோன் நாம்’, ‘தோன் நூ’ என்று இரண்டாக வரும்: ஆண் சுருதி ஒன்று, பெண் சுருதி ஒன்று. ஜோடிப் பாட்டுக்கு ‘ஸோங் கா’ என்று தனியாக ஒன்று. நமக்கோ பெரும்பாலும் திரைப்பாட்டின் அசல் சுருதியிலேயே ஒரே ஒரு பதிவு. நம்மில் ஆண்கள் வழக்கமாகப் பாடுவது ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை. பெண்கள் ஐந்து, ஐந்தரை. பாடகி பாடிய பாட்டை ஆண் எடுத்தால் ஒன்று கத்த வேண்டும், இல்லை கீழ் ஸ்தாயியில் முனக வேண்டும். பெட்டியிலேயே ‘கீ’ என்று கூட்டல் கழித்தல் பொத்தான் இருந்தால் அதற்காக நூறு வெள்ளி கூடுதலாகக் கொடுக்கலாம். இல்லாவிட்டால் கைப்பேசியில் சுருதி மாற்றும் செயலி. எதுவானாலும் மூன்று அரைஸ்வரத்துக்கு மேல் இறக்கினால் புல்லாங்குழல் நாதஸ்வரத்துக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி ஆகும், மிருதங்கம் நனைந்த தோல்போல் ஒலிக்கும்.

வரிகளைப் பற்றி ஒன்று. தமிழ் எழுத்தில் வரி ஓடும் பதிவு தாத்தா பாட்டிக்குச் சரி. தேசியப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு ரோமன் எழுத்து வேண்டும். விருந்துக்கு முன்பே இரண்டு வகையிலும் இருபது இருபது பாட்டு எடுத்து ஒரு பட்டியலாகச் சேமித்துவிடுங்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு பாட்டுத் தேடுவதைப்போல் விருந்தைக் கெடுக்கிறது வேறில்லை. நடுவே விளம்பரம் வேறு வரும்.

பக்கத்து வீடு. வியட்நாமில் இந்தப் பெட்டிதான் அக்கம்பக்கச் சண்டைக்கு முதல் காரணம் என்று சொல்லும் அளவுக்கு முற்றி, ஹோ சி மின் நகரம் 2021-இல் கரோக்கே இரைச்சலுக்கு எதிராகத் தனி நடவடிக்கை எடுத்தது. அதே ஆண்டின் 144-ஆம் ஆணைப்படி இரவு 10 முதல் காலை 6 வரை இரைச்சல் போட்டால் 5 லட்சம் முதல் 10 லட்சம் தோங் வரை அபராதம் என்று வந்தது. கடைகளுக்கும் கெடுபிடி உண்டு: 2019 ஆணைப்படி பாடும் அறை 20 சதுரமீட்டருக்குக் குறையக்கூடாது, நள்ளிரவு 12 முதல் காலை 8 வரை திறக்கக்கூடாது. 2022-இல் பின் தூவோங் மாகாணத்துக் கரோக்கே கடைத் தீயில் 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு, தீயணைப்புச் சோதனையில் நாடெங்கும் பல கடைகள் மூடிக் கிடந்தன.

இங்கே கொண்டோவிலும் பிளாட்டிலும் 2013 அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளே அண்டை வீட்டாருக்குத் தொல்லை தருவதைத் தடுக்கின்றன. நிர்வாகக் குழுவின் கடிதம் அடுத்த வாரமே கதவில் தொங்கும். தொல்லை தருவது பாடும் குரல்கூட இல்லை, பாஸ். உயர்ந்த ஒலியைச் சுவர் தடுக்கும், தாழ்ந்த ஒலி தரைவழியே கீழ்வீட்டுக் கூரைக்குப் போய்விடும். அடுக்குமாடியில் பெட்டியைச் சக்கரத்தோடு தரையில் நிறுத்தாமல் தடித்த ரப்பர் பாயில் வையுங்கள். மூலையில் வைக்காதீர்கள், மூலை பாஸை ஊதிப் பெருக்கும். மியூசிக் பாஸ் 9 மணிக்கு. உண்மையில் கொண்டோவுக்கு 12 அங்குலமே அதிகம், 8 அங்குலப் பெட்டி போதும்.

வரிசை வீட்டில் எல்லாரும் செய்வது: பெட்டியை முகப்பில் வைத்துச் சாலையைப் பார்த்துத் திருப்புவது. சைகோன் பழக்கம் அது, இங்கே எதிர்வீட்டு வரவேற்பறைக்கே கச்சேரி. பெட்டியை வாசல் கேட் பக்கம் வைத்து முகத்தை உங்கள் வீட்டைப் பார்த்துத் திருப்புங்கள். விருந்தினர் நடுவே, பாடுகிறவர் பெட்டிக்குப் பின்னால் பக்கவாட்டில். ஊளையும் வராது, மேல்ஸ்தாயி ஒலி உங்கள் சுவரிலேயே முட்டி நிற்கும். திறந்த வெளியில் ஒரு மீட்டரில் 95 டெசிபெல் என்றால் எட்டு மீட்டரில் ஏறத்தாழ 77. தூங்கும் குழந்தைக்கு அது போதாதா? பத்து மணிக்கு நிறுத்துங்கள். பலகாரத் தட்டோடு முதல்நாளே சொல்லிவைத்தால் பதினொன்று வரை தாங்குவார்கள். மழைச்சாரல் படும் இடத்தில் மட்டும் நிறுத்தாதீர்கள், மேல் பலகைத் திருகுகளுக்குள் தண்ணீர் நேராக இறங்கும்.

ஆக, எதை வாங்குவது? தாமான் வரிசை வீட்டுக்கு 12 அங்குலம். தூக்கிக் கார் பூட்டில் போட ஒரு ஆள் போதும். 15 அங்குலம் கோயில் மண்டபம், தோட்டத்து வீடு, பெரிய குடும்பக் கூடல் இவற்றுக்கு. அதைத் தூக்க இரண்டு பேர், சக்கரம் கல்தரையில் உருளாது. குரலுக்கு இந்தப் பெட்டிகள் அருமை. பாட்டு மட்டும் கேட்க வாங்குவதானால் அதே காசுக்கு நல்ல புளூடூத் ஸ்பீக்கர் தெளிவாக ஒலிக்கும்; இசையமைப்பாளர் அடுக்கி வைத்த வயலின்களை இது ஒரே குவியலாகத்தான் கொடுக்கும். மால்களில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கரோக்கே அறையில் தமிழ்ப் பாட்டுப் பட்டியலைப் புரட்டி ஏமாந்தவர்களுக்கு பல தடவை போகிற காசில் இது வந்துவிடும்.

கடைக்குப் போகும்போது உங்களுக்கு மனப்பாடமான ஒரு வேகப்பாட்டைக் கைப்பேசியில் எடுத்துப் போங்கள். எக்கோவை முழுக்க அணைத்துவிட்டுப் பாடச் சொல்லிக் கேளுங்கள். கடைக்காரர் கூச்சப்பட்டு எக்கோவை ஏற்றக் கை நீட்டுவார், விடாதீர்கள். பிறகு இரண்டு மைக்கையும் ஒரே நேரத்தில் இயக்கி, ஒன்றை எடுத்துக்கொண்டு கடைக்கு வெளியே அஞ்சடி நடைபாதை வரை நடந்து போய்ப் பேசுங்கள். உள்ளே நிற்பவருக்கு விட்டுவிட்டுக் கேட்டால் அந்தப் பெட்டி வேண்டாம். கடைசியாக, பேட்டரிக்குத் தனியாக எத்தனை மாதம் கியாரண்டி என்று கேட்டு, அதை ரசீதில் எழுதி வாங்குங்கள்.